பல கணக்குகளில் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களை ஒன்றுசேர்க்க எங்கிருந்து தொடங்குவது?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் படங்களும் காணொளிகளும் பத்தாண்டுகளுக்கும் மேலாக மேகச் சேமிப்பில் குவிந்துகொண்டே வருகின்றன. என்னுடையது ஐபோன், கணவருடையது ஆண்ட்ராய்டு. அதனால் ஒரே தீபாவளியின் படங்களில் பாதி ஒரு நிறுவனத்தின் சேமிப்பிலும் மீதி இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பிலும் கிடக்கின்றன. அவற்றையே நாங்கள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதால், தரம் குறைந்த நகல்களும் இரு பக்கமும் ஏறியிருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கோப்புகளைத் தாண்டிவிட்டது.

இடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் அடுத்த கட்டணத் திட்டத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். காசு கொடுப்பதைவிட, காசு கொடுத்தும் தேடிய படம் கிடைக்காததுதான் எரிச்சலூட்டுகிறது. மகன் பாலர்பள்ளி மாறுவேடப் போட்டியில் பாரதியாராக நின்ற படத்தை அம்மா கேட்டபோது, அது எந்த ஆண்டு, யாருடைய கைத்தொலைபேசியில் எடுத்தது, எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மூன்றையும் யோசித்த பிறகே தேடத் தொடங்க முடிந்தது.

ஒரு சேவையிலிருந்து முழுத் தொகுப்பையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிப் பார்த்தேன். கோப்புகளின் தேதி எல்லாம் இறக்கிய நாளாகவே இருக்கிறது. தமிழில் பெயரிட்ட ஆல்பங்களின் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எதற்கென்று விளங்காத ஒரு சிறு கோப்பு நிற்கிறது. இலவச நிரல் ஒன்றைக் கொண்டு தேதிகளைச் சரிசெய்ததில், தீபாவளியன்று காலையில் எடுத்த படங்கள் முந்தைய நாள் இரவுக்குப் போய்விட்டன.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா காலமாகி ஓராண்டுக்கு மேலாகிறது. அவருடைய கைத்தொலைபேசி அம்மாவிடம் இருக்கிறது, அதன் கடவு எண்ணும் அம்மாவுக்குத் தெரியும். ஊருக்குப் போனபோதெல்லாம் அவர் எடுத்த படங்கள் அந்தக் கணக்கில் மட்டுமே உள்ளன.

முதலில் நகல்களை நீக்க வேண்டுமா, எல்லாவற்றையும் ஒரே சேவைக்கு மாற்ற வேண்டுமா, அல்லது வீட்டிலேயே சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.


ஈசூன் நிழற்படக்காரர் எழுதியது:

வணக்கம். வார இறுதிகளில் திருமணப் படங்கள் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முழுமையான நகல் ஒன்று உங்கள் கைக்கு வரும்வரை எதையும் நீக்காதீர்கள். கைத்தொலைபேசிக்கும் மேகத்துக்கும் இடையில் நடப்பது பெரும்பாலும் ஒத்திசைவுதான், பாதுகாப்பு நகல் எடுப்பதன்று. இந்த வேறுபாட்டை மறந்தால் நீக்கும் வேலை ஆபத்தாக முடியும்.

ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும் ஐபோனில் ஒரு படத்தை நீக்கினால், அதே கணக்கில் இணைந்த ஐபேட், மேக் எல்லாவற்றிலிருந்தும் அது போய்விடும். அண்மையில் நீக்கியவை என்ற பகுதியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். கூகுள் போட்டோஸில், மேகத்தில் ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். இரண்டையும் ஒரே ஐபோனில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. கூகுள் போட்டோஸ் செயலியில் சாதனத்தின் இடத்தைக் காலிசெய்யும் பொத்தானை அழுத்தினால், அது ஐபோனின் படத்தொகுப்பிலிருந்தே நீக்குகிறது. ஐகிளவுடும் ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயும் அந்தப் படங்கள் போய்விடும். இடம் காலியாகிறது என்று மகிழ்கிறவர்கள் தங்கள் இரண்டாவது நகலைத்தான் காலிசெய்கிறார்கள்.

அடுத்து, உங்கள் ஐபோனில் சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய படங்களின் சிறிய வடிவம் மட்டுமே தொலைபேசியில் இருக்கும், மூலம் மேகத்தில் இருக்கும். கம்பி போட்டுக் கணினிக்கு இழுப்பது முழு நகலாகாது. ஐகிளவுட் இணையத்தளத்தில் ஒருமுறைக்கு 1,000 படங்கள் வரைதான் இறக்க முடியும், லட்சம் படங்களுக்கு அது சரிவராது. மேக் கணினி இருந்தால் மூலங்களை இறக்கிவைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, தொகுப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, சில நாள் ஓடவிடுங்கள். மேக் இல்லையென்றால் ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் உங்கள் தரவின் நகலைக் கேட்கலாம்.

கணவருடைய கணக்கைப் பற்றிச் சேவையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. கூகுள் என்று வைத்துக்கொண்டால் ஒரு தேதியை நினைவில் கொள்ள வேண்டும். 2015இல் தொடங்கியபோது, 16 மெகாபிக்சலுக்கு அழுத்திய படங்களுக்கு வரம்பில்லாத இலவச இடம் தந்தார்கள். அந்தச் சலுகை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது. அதற்கு முன் அந்தத் தரத்தில் ஏறியவை இன்றும் இடக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே, இடத்துக்காக 2017, 2018 படங்களை இரவெல்லாம் உட்கார்ந்து களைந்தால் ஒரு மெகாபைட்கூட மிச்சமாகாமல் போகலாம். அவற்றை இறக்கி வேறொரு கணக்கில் மீண்டும் ஏற்றினாலோ, அதுவரை இலவசமாக இருந்தவை அத்தனையும் கணக்கில் ஏறும். எல்லாவற்றையும் ஒரே சேவைக்கு மாற்றலாமா என்று கேட்டீர்கள். பழைய படங்களைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம் என்பேன்.

அந்த ஆண்டுகளின் படங்கள் அழுத்தப்பட்டவை என்பதால், மேகத்தில் இருப்பது மூலமன்று. பழைய கைத்தொலைபேசியோ நினைவக அட்டையோ மேசை இழுப்பறையில் கிடந்தால், தூக்கி எறிவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தக் காலத்துக்கு மூலம் அதில்தான் இருக்கும்.


கிளமெண்டி நிரலர் எழுதியது:

நிழற்படக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். தேதிக் குழப்பத்தை மட்டும் நான் விளக்குகிறேன், ஏனென்றால் பலரும் கைவிடும் இடம் அதுதான்.

நீங்கள் விவரிப்பது, கணக்கிலுள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவையின் தொகுப்பைப் போலவே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சிறு கோப்பு ஜேசன் வடிவிலான துணைக்கோப்பு. கேமரா எழுதிய நேரம் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்கள் செயலிக்குள் செய்த திருத்தங்கள், அதாவது மாற்றிய தேதி, சேர்த்த இடம், எழுதிய குறிப்பு ஆகியவை துணைக்கோப்பில்தான் இருக்கும். கணினி காட்டும் கோப்புத் தேதி இவை இரண்டிலும் சேராது, அது இறக்கிய நாள் மட்டுமே.

சிக்கல் நேர மண்டலத்தில் வருகிறது. துணைக்கோப்பு நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்கிறது. எக்ஸிஃப் உள்ளூர் நேரத்தைக் குறிக்கிறது, ஆனால் எந்த ஊர் என்று சொல்வதில்லை. மண்டலத்தைக் குறிக்கும் இடமே அந்தத் தரநிலையில் 2016இல்தான் சேர்ந்தது. சிங்கப்பூர் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. காலை 6 மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்த பிள்ளையின் படத்தை, உங்கள் நிரல் துணைக்கோப்பைப் பார்த்து முந்தைய நாள் இரவு 10 மணி என்று எழுதியிருக்கிறது. தைப்பூசத்தன்று விடியற்காலையில் பால்குடம் எடுத்த படங்கள் இருந்தால் அவையும் இப்படித்தான் ஒரு நாள் பின்னால் போயிருக்கும்.

நான் பின்பற்றும் வழக்கம் இது. படத்துக்குள் எடுத்த நேரம் இருந்தால், அதைத் தொடக்கூடாது. இல்லாதவற்றுக்கு மட்டும் துணைக்கோப்பின் நேரத்தோடு 8 மணி கூட்டி எழுத வேண்டும், இந்தியாவில் எடுத்தவற்றுக்கு ஐந்தரை மணி. காணொளிகளுக்கு விதி மாறும், ஏனென்றால் ஐபோன் தரும் வகைக் காணொளியின் தலைப்பகுதியில் நேரம் பொது நேரமாகவே இருக்க வேண்டும் என்பது அதன் தரநிலை. எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் இவை அத்தனையையும் செய்யும். கட்டளை வரியில் வேலை செய்வது மட்டுமே அதன் குறை. ஹார்ட் டிஸ்க்கில் இப்போதுள்ள தொகுப்பில் தேதி மாற்றப்பட்டுவிட்டதால், அதைச் சரிசெய்ய முயலாமல் மறுபடியும் புதிதாக இறக்கிக்கொள்வதே நல்லது.

டேக்அவுட் தொகுப்பு சுருக்கிய கோப்புத் துண்டுகளாக வரும், இறக்கும்போது 50 ஜிபி அளவைத் தேர்ந்தெடுத்தால் துண்டுகள் குறையும். எத்தனை துண்டு வந்தாலும் அனைத்தையும் ஒரே கோப்புறைக்குள் விரித்த பிறகே நிரலை ஓட்டுங்கள், படம் ஒரு துண்டிலும் அதன் துணைக்கோப்பு அடுத்த துண்டிலும் இருப்பது வழக்கம். நீளமான பெயர்கள் துணைக்கோப்பில் வெட்டப்பட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால், அடைப்புக்குறிக்குள் வரும் எண் படத்தின் பெயரில் ஓரிடத்திலும் துணைக்கோப்பின் பெயரில் வேறோரிடத்திலும் நிற்கும். இதை அறியாத நிரல்கள்தான் ஜோடி சேர்க்க முடியாமல் திணறுகின்றன. மேலும், ஆல்பத்தில் சேர்த்த படம் அந்த ஆண்டின் கோப்புறையிலும் ஆல்பத்தின் கோப்புறையிலும் இருமுறை வரும், திருத்திய படம் மூலத்தோடு சேர்ந்து வரும். இறக்கிய தொகுப்பில் தெரியும் நகல்களில் சில இப்படி வந்தவை, உங்கள் கணக்கில் அவை தனித்தனிப் படங்களாக இல்லை.

தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் விரிக்கும் நிரல்தான், செவன்-ஸிப்பின் புதிய பதிப்பால் விரித்துப் பாருங்கள். இன்னொரு வரம்பையும் தமிழில் பெயரிடுவோர் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்புப் பெயரின் நீளம் பல அமைப்புகளில் எழுத்தால் அளக்கப்படுவதில்லை, பைட்டால் அளக்கப்படுகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், உயிர்மெய்யில் உயிரின் குறி தனிக் குறியீடு என்பதால் ‘கோ’ என்ற ஓரெழுத்துக்கு 6 பைட். சினாலஜி நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டியில், மறையாக்கம் செய்த பகிர்வுக் கோப்புறைக்குள் ஒரு பெயரின் வரம்பு 143 பைட். ஆங்கிலத்தில் அது ஒரு முழு வாக்கியம், தமிழிலோ 47 குறியீடுகளோடு முடிந்துவிடும். உறவுமுறை, கோயில், ஆண்டு மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் நகலெடுப்பு பாதியில் நிற்கும்.

பழைய வழிகாட்டிகள் ஆர்குளோன் போன்ற நிரலைக் கொண்டு கூகுள் போட்டோஸ் தொகுப்பை நேரடியாக இழுக்கச் சொல்லும். 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளி நிரல்களால் தாங்கள் ஏற்றியவற்றை மட்டுமே படிக்க முடியும், ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது.


பிடோக் தாத்தா எழுதியது:

மேலே எழுதிய இருவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நகல் களையும் வேலையையே நான் ஏற்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்கே அது ஓயாத வேலையாக இருந்தது. வேலைக்கும் போய்ப் பிள்ளைகளையும் பார்க்கும் நீங்கள் ஒரு லட்சம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பது நடக்காது.

இடத்தைத் தின்பது படங்களல்ல, காணொளிகள். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 60 சட்டங்களாக எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி, நொடிக்கு 30 சட்டங்களாக 1080 தரத்தில் எடுத்தால் 60 எம்பி. பேத்தியின் பள்ளிக் கலைநிகழ்ச்சியை இருபது நிமிடம் முதலில் சொன்ன தரத்தில் எடுத்தால் 8 ஜிபி போய்விடும், அதிலும் அவள் மேடையில் நிற்பது மூன்று நிமிடம்தான். அளவு வாரியாக வரிசைப்படுத்தி, பெரிய காணொளிகளை மட்டும் பார்த்து வெட்டுங்கள். ஒரு மாலையில் கிடைக்கும் இடம், நகல் களைந்து ஒரு மாதத்தில் கிடைக்கும் இடத்தைவிட அதிகமாக இருக்கும். பிறகு குடும்பக் குழுக்களில் வந்து விழும் காலை வணக்கப் படங்களை நீக்குங்கள், வாட்ஸ்அப் படங்களைத் தானாகச் சேமிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டுமே.


ஈசூன் நிழற்படக்காரர் எழுதியது:

காணொளிகள் பற்றி ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. நகல்களை அப்படியே விடலாம் என்பதில்தான் தயங்குகிறேன். தேடும்போது ஒரே படம் நான்காக வந்தால், அவற்றில் எதை அச்சுக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வாட்ஸ்அப் நகலைக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் படச்சட்டத்துக்காக வரும் படங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு எக்ஸிஃப் விவரங்களையும் நீக்கிவிடுகிறது. 2023இல் வந்த உயர்தரத் தெரிவு அளவைக் கூட்டியது, விவரங்கள் அப்போதும் போய்விடுகின்றன.

அதற்காக வாட்ஸ்அப் கோப்புறையை மொத்தமாக அழிக்கவும் கூடாது. உறவினர் எடுத்து அனுப்பிய படத்துக்கு உங்களிடம் உள்ள ஒரே நகல் அதுவாக இருக்கலாம். பைட் பிசகாமல் ஒத்திருப்பவற்றைக் கணினியிடம் விட்டுவிடுங்கள், அதில் பிழை வராது. ஏறக்குறைய ஒத்திருப்பவற்றில் எடுத்த நேரம் உள்ளதும் அளவில் பெரியதுமானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். ஐபோனின் அசையும் படங்களில் மட்டும் கவனம் தேவை: அவை ஒரு படமும் ஒரு குறுங்காணொளியுமாக இரண்டு கோப்புகள். பெயர் ஒன்றே என்று சில நிரல்கள் அதில் பாதியை நகலாகக் கருதிவிடும். ஆண்ட்ராய்டில் சேமித்த வாட்ஸ்அப் படத்துக்குத் தேதி வேண்டுமானால் கோப்பின் பெயரைப் பாருங்கள், 20190115 என்பது போல எட்டு இலக்கம் இருக்கும். அது வந்த நாள், எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை.


தோ பாயோ மருமகள் எழுதியது:

அக்கா, அப்பாவின் கணக்கைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். கூகுள் கணக்கு என்றால், இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கையும் அதிலுள்ள படங்களையும் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கைத்தொலைபேசி திறக்கும் நிலையில் இருக்கும்போதே, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து டேக்அவுட் கேட்டு இறக்கிவிடுங்கள். சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும், ஆகவே அதுவரை தொலைபேசிச் சந்தாவை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கணக்குகளுக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவைக்கலாம். நமக்குப் பிறகு கணக்கைத் திறக்கும் உரிமை பெறும் மரபுத் தொடர்பாளரை நியமிக்கும் வசதியை ஆப்பிள் 2021 டிசம்பரில் கொண்டுவந்தது, கூகுளில் அதற்குச் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு இருக்கிறது. ஆப்பிளில் தொடர்பாளரை நியமிக்காமல் போனால் குடும்பத்தார் நீதிமன்ற ஆணைவரை போக நேரிடும்.

வீட்டுச் சேமிப்புப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் சினாலஜி பெட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒன்றையொன்று பிரதியெடுப்பதால், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். தவறுதலாக நீக்கினாலோ இரண்டிலும்தான் நீங்கும். ஆகவே பெட்டியை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை தனி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, உட்லண்ட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டில் வைக்கிறோம். பெட்டியை பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டிலுள்ள பாதுகாப்பு அறைக்குள், வைக்க நினைத்தால் ரூட்டரிலிருந்து கம்பி இழுக்க வேண்டியிருக்கும், அந்தச் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை சரியாக வராது.


செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவின் கணக்கை இறக்குகிறேன். அடுத்து எங்கள் இருவரின் கணக்குகளிலிருந்தும் முழு நகல்களைப் புதிதாக எடுக்கிறேன். தாத்தா சொன்னபடி பெரிய காணொளிகளை அதன் பிறகு பார்க்கிறேன். பெட்டி வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன், இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும் என்று தோன்றுகிறது. ஒரே ஓர் ஐயம்: என் ஐபோன் படங்கள் எச்இஐசி வடிவில் இருக்கின்றன, கணவரின் பழைய மடிக்கணினி அவற்றைத் திறக்க மறுக்கிறது. எல்லாவற்றையும் ஜேபெக் வடிவுக்கு மாற்றிவிடலாமா?


கிளமெண்டி நிரலர் எழுதியது:

மாற்ற வேண்டாம். ஐபோனில் அந்த வடிவம் 2017இல் ஐஓஎஸ் 11உடன் வந்தது, அதே படத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் வைக்கிறது. ஜேபெக்குக்கு மாற்றினால் கோப்பு பெரிதாகும், தரம் சற்றுக் குறையும். மூலங்களை அப்படியே டிஸ்க்கில் வைத்துவிட்டு, அச்சுக்கோ மற்றவருக்கோ கொடுக்க வேண்டியவற்றை மட்டும் மாற்றிக்கொடுங்கள். மடிக்கணினி விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து அந்த வடிவத்துக்கான நீட்சிகளைச் சேர்த்தால் திறக்கும். இறக்கி முடித்ததும் கணக்கு காட்டும் படங்களின் எண்ணிக்கையையும் டிஸ்க்கில் உள்ளவற்றின் எண்ணிக்கையையும் ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள், துணைக்கோப்புகளையும் ஆல்பக் கோப்புறைகளையும் கழித்துவிட்டு. எந்த ஆண்டிலாவது பெரிய வேறுபாடு தெரிந்தால், அந்த ஆண்டை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி கேட்டு வாங்கலாம்.